கடைமடை, ஏழாவது பாட்டு

எனக்கு ராக் தெரியாது.
ரத்தம் தெரியும்.

திருவாரூர் மெடிக்கல் காலேஜ், டயாலிசிஸ் வார்டு,
மூன்றாம் எண் மெஷின்,
செவ்வாய், வெள்ளி, காலை ஆறு மணி ஷிப்ட்.
நீடாமங்கலம் கலியமூர்த்தி, வயது நாற்பத்தொன்பது,
ஐம்பத்து நாலு கிலோ.
தொழில் என்ற கட்டத்தில் அவர் கிதார் என்று சொல்ல
விவசாயம் என்று எழுதிக்கொண்டது நான்தான்.
படிவத்துக்கு அது சிக்கலில்லை.

இடது முழங்கைக்குக் கீழே ஃபிஸ்டுலா,
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த மேடு.
விரல் வைத்தால் பூனை வயிறுபோல உறுமும்.
"சிஸ்டர், ஊசியைக் கொஞ்சம் மேலே போடுங்க,
கீழே நாலு விரலுக்கு வேலை கிடக்கு."
போடுவேன்.
ரொம்ப மேலே முடியாது என்றும் திட்டுவேன்.

கஜா அடித்து, போஸ்ட் மரமெல்லாம் வயலில் படுத்துக் கிடந்த
இருபத்து மூன்று நாளில் பதிவு செய்தாராம்,
கொரடாச்சேரியில் மூடிப்போன அரிசி ஆலைக்குள்.
ஜெனரேட்டரை நிறுத்த வழியில்லை.
அதன் சுதிக்கே ஆறு கம்பியையும் தளர்த்திக் கட்டினார்.
பகலெல்லாம் விழுந்த தென்னையை அறுத்துவிட்டு
ராத்திரி வந்து டிரம்ஸ் அடித்தவன் பிலவேந்திரன்.
மூன்றாவது பாட்டில் தாளம் அரை மூச்சு பிந்துவது
அவன் தோள்பட்டை வலி.
அதைத்தான் இன்று பையன்கள்
பாணி என்று பழகுகிறார்கள்.

முந்நூறு சிடி போட்டார். பெயர் 'கடைமடை'.
இருநூற்றுப் பத்து விற்கவில்லை.
ஒன்றை எனக்குத் தந்தார்; போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை,
பீரோவில் ரவிக்கைத் துணிக்கு நடுவே வைத்தேன்.
பிப்ரவரியில் ஒரு வெள்ளி அவர் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை மூன்றாம் எண்ணில் வேறு ஆள்.

ஏழு வருஷம்.

ஆத்தூரிலிருந்து கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டி வருகிறவன்
தூக்கம் கலைய அதைப் போடுகிறான்.
முத்துப்பேட்டை இறால் குட்டைக் காவல்காரர்
தூங்கப் போடுகிறார்.
மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர்
ஆலையைத் தேடிப் போய்ச் சுவரைத் தடவி
கையில் உமியோடு திரும்பினாராம்.
இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால்
ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.
"கேளுங்க" என்கிறார்கள்.

கடைசிப் பாட்டில் முதல் ஒரு நிமிடம் கிதார் கிடையாது.
ஏதோ ஒரு சத்தம், விட்டுவிட்டு இரைகிறது.
வெண்ணாற்றில் தண்ணீர் திறந்தது என்று ஒரு கட்சி,
பம்பு செட் என்று இன்னொன்று.
பிலவேந்திரனைக் கேட்டால், "அண்ணன் தனியா எடுத்தது."

மூன்றாம் எண்ணுக்கு இப்போது கூத்தாநல்லூர் ஷிஃபானா,
பத்தொன்பது வயது.
போனை நெஞ்சில் கவிழ்த்து முழு ஆல்பமும் ஓடவிடுவாள்.
முப்பத்தெட்டு நிமிடம்.
நாலு மணி நேரத்தில் ஆறு முறை, பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.
பல நாள் எனக்கு அது இரைச்சல்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாட்டிலிருந்து ஆரம்பித்தாள்.
ஊசிக்கு முன்னால் அவள் கையில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன்.
ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது.
காதிலிருந்து கழற்றினேன்.
சத்தம் நிற்கவில்லை.

வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன், கை தானாக எண்ணும்.
நூற்று நாலு.
புயல் வாரம். ரோடெல்லாம் மரம்.
இரண்டு முறை வரவில்லை அவர்.
உடம்பெல்லாம் நீர் கோத்த ராத்திரியில்
தன் கைமேல் மைக்கைக் கட்டிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறார் அந்த ஆள்.
அப்புறம் ஒரே ஒரு கம்பி,
அந்த இரைச்சலை முந்தாமல், அதன் பின்னாலேயே.

"என்ன சிஸ்டர், தண்ணி சத்தந்தானே?"
"ஆமா" என்று பிளாஸ்டரைக் கிழித்தேன்.
பொய்யும் இல்லை.
ஊசியைக் கொஞ்சம் மேலே போட்டேன்.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.